கன்றுக்கு ஐம்பது ரூபாய்

(வியாசர்பாடியில் மாடு வளர்ப்போரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கு வணக்கம். மாடு கட்டிப் பிழைக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் முன்னால் கோமாதா புகழ் பாடினால் சிரிப்பீர்கள். அதனால் கணக்குப் பேசுவோம்.

1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். 12-ஆம் பிரிவு: பால் கூடுதலாக இறங்க வேண்டும் என்று மாட்டின் உடம்பைக் கெடுக்கும் எதைச் செய்தாலும், ஊசி போட்டாலும், 1,000 ரூபாய் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மாடும் அரசுக்குப் போய்விடும். 11-ஆம் பிரிவு: போதுமான தீனி, தண்ணீர், நிழல் தராமல் விட்டால், முதல் தடவைக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். கன்றைப் பட்டினி போடுகிறவர் வந்து விழுவது இந்த இரண்டாவதில்தான். ஐம்பது ரூபாய்! அந்தக் காசுக்கு இன்று நீங்களே ஒரு லிட்டர் பால் ஊற்ற மாட்டீர்கள்.

தொழுவத்தில் பார்த்தால், ஊசி வருவதே கன்று போன பிறகுதான். மடியில் பால் இருந்தாலும் தானாகக் காம்புக்கு வராது. கன்று வாய் வைத்து முட்டினால், அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவித் தடவினால், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆக்ஸிடோசினை ரத்தத்தில் விடும். ஒரு நிமிடத்தில் மடி விறைத்து, காம்பு தடிக்கும். அந்த வேகம் ஐந்து முதல் ஏழு நிமிடம் நிற்கும். அதற்குள் கறந்து முடித்துவிட வேண்டும். நடுவில் தடியால் ஒன்று வைத்தீர்களா, பயத்தில் அட்ரினலின் சுரக்கும், பால் இறங்காது. "மாடு பாலை அடக்குது" என்கிறோமே, அது இதுதான்.

இப்போது கிடேரிக்குப் பதில் காளைக்கன்று பிறந்தது என்று வையுங்கள். பால் வீண் என்று வாய் நனைந்ததும் இழுத்துக் கட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் கழிச்சல், பிறகு சாவு. தாய் பாலை அடக்குகிறது. வைக்கோல் திணித்த தோல்கன்றைக் காட்டி ஏமாற்றுகிறார்கள். அதுவும் பலிக்காத அன்றைக்கு லேபிள் இல்லாத பிளாஸ்டிக் புட்டியில் அதே ஆக்ஸிடோசின் ஊசிமருந்தாக வருகிறது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கவே கூடாத மருந்து அது. ஊசி பழகிய மாடு ஊசி இல்லாமல் பால் விடாது. ஒரே ஊசியை நாலு மாட்டுக்குக் குத்தினால் நோயும் தொற்றிப் பரவும். ஒன்று சொல்லிவிடுகிறோம்: அந்தப் பாலைக் குடித்தால் பெண்பிள்ளைகள் சீக்கிரம் பெரியமனுஷி ஆவார்கள் என்ற வாட்ஸ்அப் பேச்சை நம்பாதீர்கள். ஆக்ஸிடோசின் வயிற்றில் செரித்துப்போகும். கெடுவது மாட்டின் உடம்பு. தடுக்க அந்தக் காரணமே போதாதா?

கன்றைக் காப்பாற்றும் வேலை பெரும்பாலும் முதல் நாளோடு முடிகிறது. தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்கு வராது, சீம்பால் வழியாகத்தான் வரும். அதை உறிஞ்சும் குடல் மணிக்கு மணி மூடிக்கொண்டே போய், 24 மணி நேரத்தில் அடைபட்டுவிடும். 25 கிலோ கன்றுக்கு முதல் நாள் இரண்டரை லிட்டர் சீம்பால் வேண்டும். முதல் வாய் இரண்டு மணி நேரத்துக்குள், பெரும்பங்கு ஆறு மணி நேரத்துக்குள். ஆனால் நம் பக்கம் என்ன நடக்கிறது? நஞ்சு விழட்டும் என்று காத்திருக்கிறோம். காத்திருக்கத் தேவையே இல்லை, கன்று ஊட்டினால் நஞ்சு விழவும் அது உதவும். அப்புறம் சீம்பாலைச் சொம்பில் பிடித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து, வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்துச் சாப்பிடுகிறார்கள். கன்று குடித்து மிஞ்சியதைக் கொடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தொப்புள்கொடியை உடம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி நூலால் கட்டி, ஒரு சென்டிமீட்டர் கீழே வெட்டி, டிங்சர் அயோடினில் நனையுங்கள். இதை விட்டால் தொப்புளில் சீழ், பிறகு முட்டி வீக்கம். முதல் மாதம் எடையில் பத்தில் ஒரு பங்கு பால், இரண்டு வேளையாகப் பிரித்து. கொம்புக் குருத்தைச் சுடுவதையும் மூக்கணாங்கயிறு குத்துவதையும் நாமே செய்யக் கூடாது. அதே சட்டத்தின் 2023 விதிகள்படி கால்நடை மருத்துவர் மரப்பு மருந்து கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை.

இடம் இல்லை என்பீர்கள். உண்மைதான். பெரிய மாட்டுக்குக் கூரைக்கடியில் 3.5 சதுர மீட்டர், கன்றுக்கு ஒன்று, வெளியில் அதைப்போல் இரண்டு மடங்கு என்பது கணக்கு. கொருக்குப்பேட்டைச் சந்தில் அது நடக்காது. அதனால் மாடு தெருவுக்குப் போகிறது, எச்சில் இலையோடு பையையும் விழுங்குகிறது. 2019 அக்டோபரில் வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் திருமுல்லைவாயில் பசு ஒன்றின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள், ஐந்தரை மணி நேர அறுவை. அமாவாசைக்கு வாளி நிறையச் சோறு வைக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை: அது இரைப்பையில் புளித்து அமிலமாகி மாட்டையே சாய்த்துவிடும். அகத்திக்கீரை ஒரு கட்டு போதும். மாடு வயிறு உப்பி, அசை போடாமல் நின்றால் கால்நடை உதவி எண் 1962-க்குப் போன் போடுங்கள்.

லாபத்துக்காக ஐந்து மாடோ அதற்கு மேலோ வைத்திருந்தால், அதே சட்டத்தின் 1978 விதிகளின்படி இடத்தைப் பதிவு செய்ய வேண்டும். செய்துவிடுங்கள், பிறகு அலைய வேண்டாம்.

புகார் கொடுக்க நினைப்பவர்களுக்கு: 12-ஆம் பிரிவுக் குற்றத்தில் போலீஸ் வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம், பட்டினிக் கன்றுக்கு முடியாது. புட்டியையும் ஊசியையும் படம் எடுங்கள், தேதி குறியுங்கள், மாட்டைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி எழுத்தில் வாங்குங்கள். குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதம் தாண்டினால் வழக்குப் போட முடியாது.