ஃபார்மேட் ஆகிவிட்ட ஹார்ட் டிஸ்க்: கோப்புகளை மீட்கும் முன் அறிய வேண்டியவை

[திரையில்: விண்டோஸின் ஃபார்மேட் பெட்டி]

வணக்கம். வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கைக் கணினியில் செருகியதும், ஃபார்மேட் செய்தால்தான் இதைப் பயன்படுத்த முடியும் என்று விண்டோஸ் சொல்ல, அவசரத்தில் சம்மதித்துவிட்டுப் பல ஆண்டுக் குடும்பப் படங்களைக் காணாமல் திகைத்து நிற்பவர்கள் பலர். அந்த நிலையில் இருப்பவர்கள் உடனே அந்த டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். மென்பொருள் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஃபார்மேட் பெட்டியில் 'குயிக் ஃபார்மேட்' என்பது வழக்கமாக முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கும். பலரைக் காப்பாற்றுவது அந்த டிக்தான். விண்டோஸ் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும், பொதுவாக 1,024 பைட் அளவில், எம்எஃப்டி என்ற பட்டியலில் ஒரு பதிவு உண்டு. கோப்பின் பெயர், அது இருந்த ஃபோல்டர், அதன் தரவு டிஸ்க்கில் கிடக்கும் இடம் ஆகிய மூன்றையும் அந்தப் பதிவே சொல்கிறது. குயிக் ஃபார்மேட் புதிய பட்டியலைத் தொடங்குகிறதே தவிர, தரவு கிடக்கும் பரப்பை அழிப்பதில்லை.

[திரையில்: பழைய பட்டியலின் தலைப்பகுதியில் மட்டும் புதிய பதிவுகள்]

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அதே பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்துவைத்த பகுதியை, மீண்டும் என்டிஎஃப்எஸ் ஆக்கும்போது, புதிய பட்டியல் பெரும்பாலும் பழையது தொடங்கிய இடத்திலேயே தொடங்குவதால், முதல் சில பதிவுகள் மட்டும் அழிந்து மற்றவை அப்படியே தங்கிவிடுகின்றன. அதன் பிறகு நீங்கள் நகலெடுக்கும் ஒவ்வொரு கோப்பும், எவ்வளவு சிறியதானாலும், ஒரு புதிய பதிவைக் கேட்கும். அது ஒரு பழைய பதிவின் மேல் எழுதப்படக்கூடும். அப்போது படம் டிஸ்க்கில் பிழைத்திருந்தாலும் பெயரும் ஃபோல்டரும் போய்விடுகின்றன. மீட்பு மென்பொருளையே அந்த டிஸ்க்கில் நிறுவுவது இதனால்தான் பெரும் பிழையாகிறது.

முழு ஃபார்மேட் வேறு. விண்டோஸ் விஸ்டா முதல் அது டிஸ்க் முழுவதும் சுழியங்களை எழுதுவதால், பிறகு மீட்க எதுவும் மிஞ்சாது. சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியிலும் நம்பிக்கை குறைவு; விண்டோஸ் 7 முதல் ஃபார்மேட்டின்போது டிரிம் என்ற கட்டளை செல்ல, எஸ்எஸ்டி தானே பழைய தரவைத் துடைக்கத் தொடங்கிவிடுகிறது. டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்ற ஓசை கேட்டால் அது இயந்திரக் கோளாறாக இருக்கலாம். உடனே மின் இணைப்பைத் துண்டித்து, தரவு மீட்பு ஆய்வகத்தை நாடுங்கள்.

[திரையில்: இரண்டு டிஸ்க்குகள், இடையே அம்புக்குறி]

டிஸ்க் நலமாக இருந்தால், அதைவிடப் பெரிய இன்னொரு டிஸ்க்கில் செக்டர் செக்டராக, அதாவது டிஸ்க்கின் ஒவ்வொரு சிறு சேமிப்புக் கூறையும் விடாமல், ஒரு முழு நகல் எடுங்கள். மீட்புப் பணியில் இதைவிட முக்கியமான படி இல்லை என்றே நான் கருதுகிறேன். நகலில் எத்தனை முறை தவறினாலும் அசல் பத்திரமாக இருக்கும். லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருள், படிக்க முடியாத செக்டர்களைக் குறித்துவைத்துக்கொண்டு முன்னே சென்று, நல்ல பகுதிகளை எடுத்த பின்பே அவற்றுக்குத் திரும்பும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டிபி டிஸ்க்குக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். எது அசல், எது நகலுக்கானது என்பதைச் சீரியல் எண்ணை வைத்து உறுதிசெய்யுங்கள். இரண்டும் இடம் மாறினால் அத்துடன் எல்லாம் முடிந்தது.

நகலில் முதலில் பழைய எம்எஃப்டி பதிவுகளைத் தேடும் மென்பொருளை இயக்குங்கள். பெயரோடும் ஃபோல்டரோடும் கோப்புகள் திரும்ப அதுவே வழி. அதற்கும் அகப்படாதவற்றுக்கு, கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய இலவச மென்பொருளான ஃபோட்டோரெக் இருக்கிறது. அது பட்டியலைப் பொருட்படுத்தாமல் கோப்புகளின் தொடக்க அடையாளத்தைத் தேடுகிறது. ஜேபெக் படம் என்றால் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகள். பெயர்கள் கிடைக்கமாட்டா, துண்டுதுண்டாகச் சிதறிக் கிடந்த பெரிய வீடியோக்கள் பழுதாகவும் வரலாம். ஆனால் கேமரா எழுதிய தேதி பெரும்பாலும் படத்துக்குள்ளேயே இருப்பதால், படங்களை ஆண்டுவாரியாக மீண்டும் அடுக்க முடியும். மீண்டவற்றை வேறொரு டிஸ்க்கில் சேமித்து, திறந்து பார்த்து முடிக்கும் வரை அசல் டிஸ்க்கில் எதையும் எழுத வேண்டாம்.