புளி போடாத தக்காளி மீன் குழம்பு: மேட்டூர் கட்லாவை வச்சு, படிப்படியா

[காட்சி: அடுப்பில் மண்சட்டி. குழம்பின் ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னக் கொப்பளம். நடுவில் அசைவு இல்லை.]

இந்தச் சட்டியைக் கொஞ்சம் கவனிங்க. ஓரத்துல மட்டும் முத்து முத்தா கொப்பளிக்குது. மீன் போட்ட பிறகு குழம்பு இவ்வளவுதான் கொதிக்கணும். ஆனா இதுக்கு முன்னாடி அரை மணி நேரத்துக்கும் மேல இதே சட்டியில தக்காளி வதங்கி, சுண்டி, மறுபடி தளதளன்னு கொதிச்சிருக்கு. தக்காளி வேகறதுக்குப் பொறுமை வேணும். மீன் வேகறதுக்கு எட்டு நிமிஷம் போதும். ரெண்டையும் ஒண்ணா வேக விட்டா, தக்காளி பச்சை வாடையோட நிக்கும், இல்லேன்னா மீன் கரைஞ்சு முள்ளு மட்டும் மிஞ்சும்.

இன்னைக்குச் செய்யப்போற குழம்புல புளி ஒரு சுளை கூடக் கிடையாது. புளிப்பு, நிறம், கெட்டி மூணையும் தக்காளிதான் கொடுக்கணும். அதனால தக்காளியை எப்படிக் கையாளுறோம்ங்கிறதுலதான் இந்த வீடியோவுல அதிக நேரம் நிக்கப் போறோம்.

[காட்சி: மீன் கடை. பெரிய கட்லா, பக்கத்தில் ரோகு, ஜிலேபி.]

முதல்ல மீன். சேலத்துக்குக் கடல் ரொம்ப தூரம், மேட்டூர் பக்கம். கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி, வாளைன்னு அணை மீன் அன்னைக்குப் பிடிச்சது அன்னைக்கே கிடைக்க வாய்ப்பு இருக்கு. அதுவும் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், நம்ம கிழக்குக் கடற்கரையில விசைப்படகுக்குத் தடைக்காலம். அந்த ரெண்டு மாசம் கடல் மீன் வரத்து குறையும், விலையும் ஏறும். அப்போ பழைய ஐஸ் மீனைத் தேடி அலையறதை விட நல்ல கட்லா வாங்குறதே புத்திசாலித்தனம்.

கட்லாவோ ரோகோ, முடிஞ்சா ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கிற மீன்ல துண்டு கேளுங்க. இந்த வகை மீன்ல சதைக்குள்ள கவட்டை மாதிரி பிரிஞ்ச நடுமுள்ளு இருக்கும். சின்ன மீன்ல அது நூல் மாதிரி இருக்கும், கண்ணுல படாது. பெரிய மீன்ல முள்ளும் பெருசா, எடுக்க வசதியா இருக்கும். குழந்தைகளுக்கு வயித்துப் பக்கத் துண்டு கொடுங்க; அங்க விலா முள்ளு மட்டும்தான். வால் பக்கம் அவங்களுக்கு வேண்டாம்.

துண்டு ஒரு அங்குல கனம் இருக்கணும். கடையில சொல்லாம விட்டா பொரிக்கிறதுக்குப் போடுற மாதிரி மெல்லிசா போட்டுடுவாங்க. மெல்லிசுத் துண்டு குழம்புல நிக்காது. கண்ணு துருத்திக்கிட்டு தெளிவா இருக்கா, செவுள் சிவப்பா இருக்கா, சதையை அழுத்தினா மேல எழும்புதான்னு பாருங்க. அழுத்தின இடம் பள்ளமாவே இருந்தா அந்த மீன் வேண்டாம்.

[காட்சி: கழுவும் பாத்திரம். வயிற்றின் உள்பக்கம் ஒட்டிய கருப்புத் தோலை விரலால் உரிப்பது, நெருக்கத்தில்.]

கழுவறதுல மூணு விஷயம். வயித்துக்குள்ள ஒட்டியிருக்கிற இந்தக் கருப்புத் தோலை விரலால உரிச்சு எடுத்துடுங்க. முதுகெலும்பை ஒட்டி உறைஞ்சிருக்கிற ரத்தத்தை நகத்தால சுரண்டிக் கழுவுங்க. குழம்புல கவிச்சி வாடை பெரும்பாலும் இந்த ரெண்டுல இருந்துதான் வரும். மூணாவது, பித்தப்பை. வீட்டுலயே முழு மீனை வெட்டுறவங்க இதை உடையாம எடுக்கணும். உடைஞ்சா பச்சையா ஒரு நீர் பரவும், பட்ட இடமெல்லாம் கசக்கும். பட்ட சதையை வெட்டி எறிஞ்சுட்டு மிச்சத்தை நல்லா அலசுங்க. ரோகு, கெண்டை மாதிரி மீனோட பித்தப்பையை மருந்துன்னு சொல்லி யாராவது முழுங்கச் சொன்னா கேட்காதீங்க. அது சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடிய விஷம்.

அணை மீன்ல சில சமயம் சேத்து வாடை அடிக்கும். தண்ணியில இருக்கிற பாசியும் நுண்ணுயிரிகளும் உண்டாக்குற ஜியோஸ்மின்ங்கிற பொருள்தான் காரணம். மீனோட கொழுப்புலயும் தோல்லயும் போய் அது தங்கிடும். தண்ணியில எத்தனை தடவை அலசினாலும் போகாது. புளிப்பு பட்டா குறையும். ஒரு கிலோ துண்டுக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் கல் உப்பு, அரை டீஸ்பூன் மஞ்சள்தூள் போட்டு அழுத்தித் தேய்ச்சுக் கழுவுங்க. அப்புறம் ஒரு டம்ளர் புளிச்ச மோர்ல பத்து நிமிஷம் ஊற வச்சு அலசுங்க. எலுமிச்சம்பழம்னா அரை மூடி, அஞ்சு நிமிஷம் போதும். அதுக்கு மேல விட்டா சதை வெளுத்துப்போய், வெந்த பிறகு வறட்டுன்னு இருக்கும்.

கழுவின துண்டை வடிச்சு, ஒரு டீஸ்பூன் தூள் உப்பு, ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள், கால் டீஸ்பூன் மஞ்சள் பிசறி இருபது நிமிஷம் வைங்க. குழம்புல எவ்வளவு உப்பு போட்டாலும் எட்டு நிமிஷத்துல அது ஒரு அங்குல சதைக்குள்ள போகாது. "குழம்பு நல்லாருக்கு, மீன் சப்புன்னு இருக்கு"ன்னா இந்த இருபது நிமிஷத்தை விட்டுட்டாங்கன்னு அர்த்தம். உப்பு சதையைக் கொஞ்சம் இறுக்கவும் செய்யும், அதனால துண்டு சீக்கிரம் உடையாது. தட்டுல கசிஞ்சு நிக்கிற தண்ணியைக் கொட்டிடுங்க.

[காட்சி: இரண்டு வகைத் தக்காளி பக்கத்தில் பக்கத்தில், குறுக்கே வெட்டியது.]

இப்போ தக்காளி. ஒரு கிலோ மீனுக்கு முக்கால் கிலோ. இடது பக்கம் நாட்டுத் தக்காளி: மேல வரி வரியா, தோல் மெல்லிசா, உள்ள சாறும் விதையுமா இருக்கு, நல்ல புளிப்பு. வலது பக்கம் ஹைபிரிட், பெங்களூருத் தக்காளின்னு சொல்றது: சதை ஜாஸ்தி, சாறு கம்மி, புளிப்பும் கம்மி. நாட்டுத் தக்காளி மட்டும் போட்டா புளிப்பு தூக்கலா, குழம்பு நீர்க்க இருக்கும். ஹைபிரிட் மட்டும் போட்டா கெட்டி வரும், ஆனா மந்தமா இருக்கும். அரைக் கிலோ நாடு, கால் கிலோ ஹைபிரிட். சேலத்துல சூரமங்கலமோ அம்மாபேட்டையோ, உழவர் சந்தையில ரெண்டும் கிடைக்கும். தொட்டா மெத்துன்னு இருக்கிற, அன்னைக்கே சமைச்சாகணும்ங்கிற பதத்துல பழுத்ததா பார்த்து எடுங்க. காம்புப் பக்கம் பச்சையா இருந்தா ரெண்டு நாள் கூடையில வெளியவே வைங்க. ஃப்ரிட்ஜ்ல வச்சா பழுக்கறது நின்னுடும், வாசனையும் குறையும்.

விதையை வழிச்சு எறியாதீங்க. விதையைச் சுத்தியிருக்கிற அந்தக் கொழகொழப்புலதான் தக்காளியோட ருசி அதிகம்.

[காட்சி: பாதித் தக்காளியைத் துருவியில் தேய்ப்பது. கடைசியில் உள்ளங்கையில் தோல் மட்டும்.]

மிக்ஸியில பச்சையா அரைச்சு ஊத்துறது வழக்கம். அதுல காத்து புகுந்து நுரைக்கும், சிவப்பு மங்கி ரோஸ் கலருக்குப் போகும், எண்ணெயில ஊத்தினதும் தெறிக்கும். அதுக்குப் பதிலா, தக்காளியைக் குறுக்க ரெண்டா வெட்டி, வெட்டின பக்கத்தைத் தேங்காய்த் துருவியிலயோ கேரட் துருவுற பெரிய கண்ணுலயோ வச்சு உள்ளங்கையால அழுத்தித் தேய்ங்க. சதையும் விதையும் கீழ விழுந்துடும், தோல் மட்டும் இப்படி வட்டமா கையில நிக்கும். முக்கால் கிலோவுக்கு அஞ்சு நிமிஷம். குழம்புல சுருண்டு சுருண்டு மிதக்கிற தோலும் இருக்காது.

பாத்திரம் மண்சட்டி. புளிப்பு பட்டா அலுமினியம் கரையும், இரும்பு கருக்கும். மண்ணுல அந்தத் தொந்தரவு இல்லை. சட்டி இல்லேன்னா அடிகனமான எவர்சில்வர் போதும். உயரமானதை விட அகலமானது முக்கியம். துண்டுகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம படுக்கணும். புதுச் சட்டியை அரிசி கழுவின தண்ணியில ரெண்டு மூணு நாள், தினமும் தண்ணியை மாத்தி ஊற வச்சுட்டுத்தான் அடுப்புல ஏத்தணும்.

[காட்சி: சட்டியில் எண்ணெய், வெந்தயம்.]

மிதமான தீ. கடலை எண்ணெய் 80 மில்லி. கூடத் தெரியலாம், குறைச்சா தக்காளி வதங்காது, அடிபிடிக்கும். கடுகு அரை டீஸ்பூன் வெடிச்சதும் வெந்தயம் அரை டீஸ்பூன். வெந்தயம் பொன்னிறம் தாண்டி அரக்கு நிறத்துக்குப் போறதுக்குள்ள அடுத்ததைப் போட்டாகணும். கருகின வெந்தயக் கசப்பை அப்புறம் எதாலயும் எடுக்க முடியாது. அந்த எண்ணெயை ஊத்திட்டு மறுபடி ஆரம்பிக்கிறதுதான் வழி.

சின்ன வெங்காயம் 200 கிராம் பொடியா நறுக்கினது, பூண்டு 15 பல்லு ரெண்டா கீறினது, பச்சை மிளகாய் மூணு, கறிவேப்பிலை ரெண்டு கொத்து. வெங்காயம் ஓரம் சிவக்கற வரைக்கும் எட்டுப் பத்து நிமிஷம் ஆகும். புளியும் சர்க்கரையும் இல்லாத இந்தக் குழம்புல இனிப்பு இந்த வெங்காயத்துல இருந்துதான் வரணும், அதனால அவசரப்படாதீங்க.

இப்போ துருவின தக்காளி, ஒரு டீஸ்பூன் உப்பு. மூடி போட வேண்டாம், தண்ணி வத்தணும். முதல் பத்து நிமிஷம் சாறா கொதிக்கும். அப்புறம் கெட்டியாகி டப் டப்னு வெடிக்கும். இங்க தீயைக் குறைச்சு, அடியைத் தடவித் தடவிக் கிண்டுங்க. பதினஞ்சு நிமிஷம் தாண்டினதும் இதைப் பாருங்க.

[காட்சி: நெருக்கத்தில். கரண்டியால் தக்காளியை ஒதுக்க, அடிச்சட்டி தெரிகிறது. இடைவெளியில் சிவப்பு எண்ணெய் கசிகிறது.]

கரண்டியால ஒரு கோடு கிழிச்சா அடி தெரியுது, ரெண்டு நொடி மூடாம நிக்குது. ஓரத்துல வர்ற எண்ணெய் சிவப்பா இருக்கு. தக்காளியோட சிவப்பு எண்ணெயில கரையறது. தண்ணி வத்தினாதான் எண்ணெய் தனியா பிரிஞ்சு அந்த நிறத்தை வாங்கும். எண்ணெய் இன்னும் மஞ்சளா இருந்தா தக்காளி பச்சையா இருக்குன்னு வச்சுக்குங்க.

தூள் போடற இடம் இதுதான். மிளகாய்த்தூள் ரெண்டு டேபிள்ஸ்பூன், மல்லித்தூள் மூணு டேபிள்ஸ்பூன், மஞ்சள் அரை டீஸ்பூன். வெறும் எண்ணெயில போட்டா சில நொடியிலயே கருகிடும். தக்காளி விழுதுக்குள்ள போட்டா அதுல இருக்கிற ஈரம் காப்பாத்தும். ரெண்டு நிமிஷம் பிரட்டி, 500 மில்லி சுடுதண்ணி ஊத்துங்க. பச்சைத் தண்ணி ஊத்தினா கொதி அடங்கித் திரும்ப எழும்ப நேரமாகும். சூடேறின மண்சட்டி விரிசல் விடவும் வாய்ப்பு இருக்கு. இனிமேதான் மூடி. பன்னிரண்டு நிமிஷம் நல்லாவே கொதிக்கட்டும். பொடி வாடை போகணும்.

ஏற்காட்டுல சமைக்கிறவங்க இந்தக் கொதிக்கு அஞ்சு நிமிஷம் கூடக் கொடுங்க. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். தண்ணி அங்க 95 டிகிரி பக்கத்துலயே கொதிச்சுடும். சேலத்துல கிட்டத்தட்ட 99. வெங்காயமும் மசாலாவும் வேகறதுல அந்த நாலு டிகிரி தெரியும். மீனுக்கு ஒண்ணும் தெரியாது, நேரத்தை மாத்த வேண்டாம்.

இந்தக் கட்டத்துல உப்பு, புளிப்பு, காரம் மூணையும் ருசி பார்த்துச் சரி பண்ணிடுங்க. மீன் போட்ட பிறகு கிண்ட முடியாது. புளிப்பு தூக்கலா இருந்தா ரெண்டு டேபிள்ஸ்பூன் தேங்காயை நைசா அரைச்சு விடுங்க. உப்பு கூடிப்போச்சுன்னா உருளைக்கிழங்கை நம்பாதீங்க. அது உறிஞ்சறது ரொம்பக் கொஞ்சம். சுடுதண்ணியும் ஒரு தக்காளியும் சேர்த்துக் கொதிக்க விடுங்க. குழம்பு உங்களுக்கு வேண்டிய பதத்தை விட ஒரு பங்கு கெட்டியாவே இருக்கட்டும். மீன் தண்ணி விடும்.

[காட்சி: துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்குவது.]

தீயைக் குறைங்க. தலை முதல்ல, எலும்பு ஜாஸ்தி, நாலு நிமிஷம் முன்னாடியே போகணும். அப்புறம் நடுத்துண்டு, வயித்துத் துண்டு. வால் கடைசியா, மூணு நிமிஷம் கழிச்சு. கரண்டியை இப்பவே தள்ளி வச்சுடுங்க. துணியால சட்டியோட ரெண்டு விளிம்பையும் பிடிச்சு மெதுவா ஒரு சுத்து சுத்தினா குழம்பே துண்டு மேல ஏறிக்கும்.

நடுத்துண்டுக்கு ஏழு எட்டு நிமிஷம். ஒரு குச்சியை நடு எலும்பை ஒட்டிக் குத்துங்க: சதை கண்ணாடி மாதிரி இருந்தா இன்னும் ஒரு நிமிஷம், பால் வெள்ளையா வந்து எலும்பை விட்டு விலகினா அடுப்பை நிறுத்துங்க. மண்சட்டி சூட்டைப் பிடிச்சு வச்சிருக்கும். அணைச்ச பிறகும் கொஞ்ச நேரம் ஓரம் கொதிக்கும். அதனால சதை விலகின பிறகு ஒரு நிமிஷம் கூட அடுப்பை எரிய விடாதீங்க. இதே குழம்புல மத்தி போட்டா அஞ்சு நிமிஷம், சங்கரா ஆறு, வஞ்சிரம் ஆறு. வஞ்சிரத்துக்கு ஒரு நிமிஷம் கூடினாலும் வறண்டுடும்.

[காட்சி: உரலில் மிளகு இடிப்பது.]

கடைசியா மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், கொரகொரன்னு இடிச்சு மேல தூவி மூடுங்க. ஏற்காட்டுக் காபித் தோட்டங்கள்ல சில்வர் ஓக் மரத்துல ஏத்தி விடுற மிளகு கிடைச்சா அதையே வாங்குங்க. தூளா வாங்கி வச்சதுல அந்த வாசனை இருக்காது. கொதிக்கும்போது போட்டா வாசனை ஆவியோட போயிடும், அதனாலதான் அணைச்ச பிறகு.

மூடின சட்டியை ஒரு மணி நேரம் தொடாதீங்க. களிக்கு ஊத்துறதா இருந்தா கொஞ்சம் இளக்கமா, கால் டம்ளர் சுடுதண்ணி கூட விட்டு இறக்கிக்குங்க; களி உருண்டை நடுவுல குழி பண்ணினா குழம்பு அதுல நிக்கணும். மறுநாளைக்குன்னா, சேலத்து வெயில்ல ராத்திரி முழுக்க வெளிய வைக்க வேண்டாம். ஆறினதும் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாத்தி ஃப்ரிட்ஜ்ல வைங்க. காலையில சூடு பண்றப்போ முதல்ல துண்டுகளைத் தட்டுல எடுத்து வச்சுட்டுக் குழம்பை மட்டும் கொதிக்க விடுங்க. கொதிச்ச குழம்புல துண்டுகளை இறக்கி, சிறுதீயில மூடி வச்சு, துண்டோட நடு வரைக்கும் நல்லா சூடேறினதும் அணைங்க. இட்லிக்கு இந்தக் குழம்பே போதும், சட்னி அரைக்க வேண்டாம்.