தாய்மாமன் வீட்டுச் சாம்ராஜ்யம்

அனைவருக்கும் வணக்கம். ஐரோப்பிய அரச குடும்பமான ஹாப்ஸ்பர்க் வம்சம் என்றாலே வியன்னா அரண்மனை, சரயேவோ துப்பாக்கிச் சூடு என்று பேச்சு போய்விடும். நான் இன்று அந்தப் பக்கம் போகவில்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் பகுதியில் இருக்கும் ஒரு சின்னக் கோட்டையின் பெயர்தான் இந்தக் குடும்பத்தின் பெயர். 1273-இல் இந்தக் குடும்பத்து ருடால்ஃப் ஜெர்மன் அரசரானார். ஐந்தே ஆண்டில் பொஹீமிய மன்னரைத் தோற்கடித்து ஆஸ்திரியாவைப் பிடித்தார். அது வாளால் வந்த சொத்து. தாலியால் வந்தது அதைவிட அதிகம். 1477-இல் அவர் வழிவந்த மாக்சிமிலியன் பர்கண்டியின் மேரியை மணந்தார், நெதர்லாந்து வந்தது. 1496-இல் அவர்கள் மகன் பிலிப் ஸ்பெயின் இளவரசி ஹுவானாவை மணந்தார். ஹுவானாவுக்கு முன் வாரிசு வரிசையில் அண்ணன், அக்கா, அக்கா மகன் என்று மூன்று பேர் நின்றார்கள். நான்கே ஆண்டில் மூவரும் போய்விட்டார்கள். ஹுவானாவின் மகன் ஐந்தாம் சார்லஸுக்கு ஸ்பெயின், நேப்பிள்ஸ், நெதர்லாந்து, ஆஸ்திரியா, போதாக்குறைக்கு அமெரிக்கக் கண்டத்து வெள்ளியும் சேர்ந்தது.

சரி, இவ்வளவு சொத்து சேர்ந்தால் என்ன பயம் வரும்? வெளியே போய்விடுமோ என்ற பயம். சார்லஸ் 1556-இல் ஒதுங்கும்போது ஸ்பெயின் மகனுக்கு, ஆஸ்திரியா தம்பிக்கு. அன்றிலிருந்து இரண்டு வீடும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. சார்லஸின் மகன் இரண்டாம் பெலிப்பே தன் தங்கை மகளையே மணந்தார். நம் ஊர்க் கணக்கில் தாய்மாமன். சிலர் சிரிக்கிறீர்கள், தெரிகிறது.

அவருடைய பேரன் நான்காம் பெலிப்பே கதை இன்னும் விசேஷம். தங்கை மகள் மரியானாவை முதலில் தன் மகனுக்குத்தான் நிச்சயம் செய்திருந்தார். 1646-இல் மகன் இறந்துவிட்டான். 1649-இல் அப்பாவே அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவர்களுக்கு 1661-இல் பிறந்தவர் இரண்டாம் கார்லோஸ். அவருக்கு அம்மாவே அத்தை மகள், அத்தையே பாட்டி. தாடை துருத்தியிருந்ததால் சாப்பாட்டை ஒழுங்காக மெல்லக்கூட முடியவில்லை. 2009-இல் ஸ்பெயின் மரபியலாளர்கள் தலைமுறைகளைக் கணக்கிட்டுப் பார்த்தபோது அவருடைய உள்ளுறவு அளவு, அதாவது பெற்றோர் எவ்வளவு நெருங்கிய ரத்த உறவு என்று காட்டும் எண், 0.254 என்று வந்தது. அண்ணனும் தங்கையும் மணந்து பெற்ற குழந்தைக்கே 0.25தான். இரண்டு மனைவிகள், குழந்தை இல்லை. 1700 நவம்பர் 1-ஆம் தேதி இறந்தார்.

சொத்து யாருக்கு? இங்கேதான் ஒரு பழைய வரதட்சணை பாக்கி தலைகாட்டுகிறது. கார்லோஸின் அக்கா மரியா தெரேசா 1660-இல் பிரான்ஸின் பதினான்காம் லூயியை மணந்தார். 5,00,000 தங்க எஸ்குடோ சீர். அதற்குப் பதில் ஸ்பெயின் மேல் உரிமை இல்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். ஸ்பெயினோ காசைக் கொடுக்கவேயில்லை. சீர் வரவில்லை, அதனால் விடுதலைப் பத்திரமும் செல்லாது என்று பிரெஞ்சு வக்கீல்கள் பிடித்துக்கொண்டார்கள். கார்லோஸும் உயிலில் அந்த அக்காவின் பேரனுக்கே நாட்டை எழுதிவைத்தார். வியன்னாவில் இருந்த ஆஸ்திரிய வீடு விடுமா? பதின்மூன்று ஆண்டுக்கு மேல் ஐரோப்பா முழுக்கச் சண்டை. ஸ்பெயின் வசம் இருந்த நெதர்லாந்துப் பகுதியும் நேப்பிள்ஸும் வியன்னாவுக்குப் போயின, ஸ்பெயின் பேரனிடமே நின்றது. இன்று மாட்ரிட்டில் அரசராக இருக்கும் ஆறாம் பெலிப்பே அந்தப் பேரனின் வழியில் வந்தவர்.