கிணற்றுக்குள் இறக்கும் விளக்கு

வணக்கம் நேயர்களே. கிணறு துப்புரவாக்க இறங்கும் முன்னர் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார், எரிந்தால் இறங்கு, அணைந்தால் கிட்டவும் போகாதே என்று ஊரில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பாதி சரியான புத்தி. மற்றப் பாதி ஆளைக் கொல்லும். அதை விளங்கப்படுத்த நான் முதலில் உங்களை இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். நான் பல வருடம் இரசாயனம் படிப்பித்தவன், கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு வருகிற நிலக்கரி கப்பலில் வருகிறது. போகல, கஹட்டகஹ போன்ற இடங்களில் ஆழமான காரீயச் சுரங்கங்கள், பென்சிலுக்குள் இருக்கிற அந்தக் கரி, உண்டு, இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழிகள் உண்டு. மாணிக்கக் குழிக்குள் மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்து, அதன் சுடரில் ஒரு கண் வைத்தபடி வேலை செய்கிற பழக்கம் இருக்கிறது. ஆனால் நிலக்கரிக்கென்று தனியாக ஒரு பேய் உண்டு, அதுதான் மெதேன். சேற்றுக் குளத்தைக் கிளறினால் குமிழி குமிழியாக வருகிறதே, அதே வாயு. நிலக்கரிப் படைக்குள் அடைபட்டுக் கிடந்து, வெட்ட வெட்டக் கசியும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் 5 வீதத்திலிருந்து 15 வீதம் வரை கலந்திருந்தால், ஒரு சிறு சுடர் போதும், வெடிக்கும். 5 வீதத்துக்குக் குறைந்தால் வெடிக்காது, 15 வீதத்தைத் தாண்டினாலும் வெடிக்காது. அந்த இடைப்பட்ட அளவுதான் எமன்.

சரி, இருட்டுச் சுரங்கத்துக்குள் வெளிச்சம் வேண்டும், வெளிச்சம் என்றால் அந்தக் காலத்தில் நெருப்பு. என்ன செய்வார்கள்? சில இடங்களில் காலையில் எல்லாருக்கும் முதல் ஒருவர் உடம்பெல்லாம் ஈரத்துணி சுற்றிக்கொண்டு, நீளத் தடியின் நுனியில் மெழுகுதிரியைக் கட்டி, தவழ்ந்து போய், தேங்கி நிற்கிற வாயுவைத் தானே கொளுத்திவிடுவார். அதுவும் ஒரு வேலையாக இருந்தது. இன்னும் சில இடங்களில் எஃகுச் சில்லு ஒன்றைச் சுழற்றித் தீக்கல்லில் உரச, தெறிக்கிற பொறியின் வெளிச்சத்தில் வேலை செய்தார்கள். பொறி வாயுவைக் கொளுத்தாது என்று நம்பினார்கள், ஆனால் அதனாலும் வெடித்தது.

1812 மே 25ஆம் திகதி, நியூகாசிலுக்குப் பக்கத்தில் ஃபெலிங் என்ற சுரங்கம் வெடித்தது. 92 பேர் இறந்தார்கள், பத்து வயதுகூட நிரம்பாத சிறுவர்களும் அதில் இருந்தார்கள். உள்ளே எரிந்த தீ காற்றில்லாமல் அணையட்டும் என்று சுரங்க வாயை மூடினார்கள். ஜூலை மாதத்தில்தான் திரும்ப இறங்கி உடல்களை எடுத்தார்கள். அவர்களை அடக்கம் செய்த மதகுருவின் பெயர் ஜோன் ஹொட்ஜ்சன். சுரங்கப் பாதுகாப்பு விளக்கு என்றால் எல்லாரும் அதைச் செய்த இரசாயன விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் பெயரைச் சொல்வார்கள். நான் முதலில் சொல்வது ஹொட்ஜ்சனின் பெயரை. செத்தவர்களின் பெயர்களையும் வயதுகளையும் அச்சிட்டு வெளியே தெரியவைத்தவர் அவர். 1815இல் டேவி வடக்கே வந்து பார்த்துவிட்டு லண்டன் திரும்பியபின், சுரங்க வாயுவைப் போத்தல்களில் அடைத்து அவருக்கு அனுப்பியவரும் அவர்தான்.

டேவி கண்டுபிடித்தது என்ன தெரியுமா? சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலை, அவ்வளவுதான். ஒரு சதுர அங்குலத்துக்கு 784 துவாரம். பாடசாலை ஆய்வுகூடத்தில் பன்சன் சுடரடுப்பின் மேல் கம்பி வலையைப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: சுடர் வலைக்குக் கீழேயே நின்றுவிடும், மேலே ஏறாது. வாயு துவாரம் வழியாகப் போகிறது, ஆனால் சூட்டை உலோகம் இழுத்துக்கொள்கிறது. எவர்சில்வர் டம்ளரில் தேத்தண்ணி ஊற்றினால் விரலைச் சுடுகிறதே, அதே குணம்தான். வலைக்கு வெளியே வருகிற வாயு பற்றிக்கொள்ளப் போதிய சூடு இல்லாமல் போய்விடுகிறது.

1816 ஜனவரியில் ஹெப்பர்ன் சுரங்கத்துக்குள் இந்த விளக்கை எரியவிட்டபடி முதலில் நடந்தவர் ஹொட்ஜ்சன். அங்கே ஒருவர் தனியாக, அந்த எஃகுச் சில்லின் பொறி வெளிச்சத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். புது விளக்கு வருகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சுற்றிலும் வாயு. தூரத்தில் இருட்டுக்குள் ஒரு சுடர் வருகிறது. "விளக்கை அணை!" என்று கத்துகிறார். சுடர் நிற்கவில்லை. வேலைக்காரன் யாரோ என்று நினைத்துத் திட்டுகிறார், சபிக்கிறார், பதில் ஒரு வார்த்தையும் இல்லை. கிட்டக் கிட்ட வருகிறது. திட்டு கெஞ்சலாக மாறுகிறது. கடைசியில் முன்னால் வந்து நிற்பது தனக்கு நன்றாகத் தெரிந்த, தன்னோடு வேலை செய்தவர்களைப் போன்ற எத்தனையோ பேரைப் புதைத்த அந்த மதகுரு, கையில் எரிகிற விளக்கோடு! அந்த மனிதரை அப்படிச் சோதித்தது பிழை என்று ஹொட்ஜ்சனே பிறகு ஒப்புக்கொண்டார். பிழைதான், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் அந்தத் தொழிலாளி கத்திய கத்தல்தான் எனக்கு இந்த விளக்கின் முழு வரலாறும். எரிகிற சுடர் என்றால் சாவு என்று அறிந்த ஒருவருக்கு முன்னால் சுடர் வருகிறது, சாவு வரவில்லை.

அதே 1815இல், கில்லிங்வேர்த் சுரங்கத்தில் இயந்திரம் பார்த்துக்கொண்டிருந்த ஜோர்ஜ் ஸ்டீவன்சனும், பிறகு ரயிலால் பெயர் எடுத்தவர்தான், சொந்தமாக ஒரு விளக்குச் செய்து, ஒக்டோபர் 21ஆம் திகதி வாயு பீறிடுகிற வெடிப்புக்கு முன்னால் தானே தூக்கிக்கொண்டு போய்ச் சோதித்தார். பதினெட்டு வயதில்தான் எழுத வாசிக்கத் தொடங்கியவர். டேவிக்கு 2000 பவுண் சன்மானம், இவருக்கு 100 கினி, அதாவது 105 பவுண். படிக்காத ஒருவனால் இது முடியுமா, திருடியிருப்பான் என்றார்கள். இதைப் பேசத் தொடங்கினால் எனக்கு இன்னும் கோபம் வரும், நேரமும் போய்விடும். இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள் என்பதே என் தீர்ப்பு.

இனி முக்கியமான விஷயம். விளக்கு வெடிக்காமல் இருப்பது அதன் ஒரு வேலை, காற்றைப் படித்துச் சொல்வது இன்னொரு வேலை. என்னிடம் பிற்காலத்து விளக்கு ஒன்று இருக்கிறது, பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது. பித்தளை அடி, தடித்த கண்ணாடி, அதற்கு மேல் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வலைக் கூம்புகள், எல்லாவற்றையும் மூடி இரும்புக் கவசம். அடியில் ஒரு பூட்டு, காந்தத்தால்தான் திறக்கலாம். உள்ளே யாரும் புகைக்க நெருப்பெடுக்க விளக்கைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக. வாயு பார்க்கிறவர் திரியை நன்றாக இறக்குவார், மஞ்சள் ஒளி போய்ச் சின்ன நீலக் கீற்று மிஞ்சும்வரை. அப்புறம் விளக்கை மெல்ல மெல்லக் கூரைக்கு உயர்த்துவார், ஏனென்றால் மெதேன் காற்றைவிடப் பாரம் குறைவு, மேலேதான் தங்கும். மெதேன் இருந்தால் சுடருக்கு மேல் மங்கலான நீல முக்கோணம் ஒன்று எழும். வாயு கூடக் கூட அது உயரும். அதன் உயரத்தைப் பார்த்தே வீதம் சொல்வார்கள். பிரித்தானியாவில் 1.25 வீதம் என்றால் மின்சாரத்தை நிறுத்தவேண்டும், 2 வீதம் என்றால் ஆட்களை வெளியேற்றவேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த மங்கல் நீலத்தைக் கண்ணால் பிரித்தறிந்தவர்களின் கையில்தான் எத்தனையோ உயிர் இருந்தது!

அதே விளக்கைத் தரைப்பக்கம் தாழ்த்திப் பிடித்தால் வேறு செய்தி. நாங்கள் மூச்சில் வெளியே விடுகிற காபனீரொட்சைட்டு பாரமானது, பள்ளத்தில் தேங்கும். காற்றிலே வழக்கமாக 21 வீதம் இருக்கிற ஒட்சிசன் 16, 17 வீதத்துக்கு இறங்கினால் சுடர் அணைந்துவிடும். மனிதன் அந்த அளவில் உடனே சாகமாட்டான், ஆகவே திரும்பி ஓட அவகாசம் உண்டு. எங்கள் பெரியவர்கள் கிணற்றுக்குள் விளக்கு இறக்கியது இதற்காகத்தான். அது சரியான புத்தி.

ஆனால் காபனோரொட்சைட்டு? பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் இது வேறு வாயு, அரைகுறையாக எரியும்போது வருவது. கவனமாகக் கேளுங்கள், இதைச் சொல்லத்தான் வந்தேன். அது ஒரு வீதத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தாலே சில நிமிடத்தில் ஆள் முடிந்துபோவார். குருதியில் ஒட்சிசனைக் காவுகிற ஈமோகுளோபினை, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். விளக்கோ ஒன்றுமே நடக்காதது போல் எரிந்துகொண்டிருக்கும். சுரங்கக்காரர்களுக்கு இது தெரியும், வெடிப்புக்குப் பிறகு இந்த வாயுவால்தான் கனபேர் செத்தார்கள். அதனால்தான் ஹோல்டேன் என்ற விஞ்ஞானியின் யோசனைப்படி கூண்டில் கனேரிக் குருவி கொண்டுபோனார்கள், ஆளுக்கு முதல் குருவி மயங்கி விழும். பிரித்தானியாவில் 1986 வரை குருவி வைத்திருந்தார்கள்.

இப்போது எங்கள் கிணற்றைப் பாருங்கள். கோடையில் தண்ணீர் கீழே போய்விடும். மேலே வைத்த வோட்டர் பம்பால் நடைமுறையில் 7 மீற்றர் அளவுக்கு மேல் உறிஞ்ச முடியாது. ஆகவே மண்ணெண்ணெயில் ஓடுகிற பம்பைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓடவிடுகிறார்கள். புகை வெளியேற வழி இல்லை, அந்தப் புகைக்குள் இருப்பது இந்தக் காபனோரொட்சைட்டு. பம் நின்றுவிட்டது என்று பார்க்க ஒருவர் இறங்குகிறார், விழுகிறார். தண்ணீரில் விழுந்துவிட்டார் என்று நினைத்துத் தம்பி இறங்குகிறார், அவரும் விழுகிறார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர். பத்திரிகையில் இப்படி எத்தனை முறை வாசித்துவிட்டோம்! விளக்கு இறக்கிப் பார்த்தாலும் அது எரியும். திரும்பவும் சொல்கிறேன், பம் ஓடிய கிணற்றுக்குள் விளக்கு எரிந்தாலும் இறங்கக் கூடாது. கழிவுக் குழி, மன்ஹோல் என்றால் விளக்கை இறக்கவே கூடாது, அங்கே மெதேன் இருக்கலாம், உங்கள் விளக்கில் வலையும் இல்லை.

பாதுகாப்பு விளக்கு என்றதும் எங்கள் வைத்தியர் விஜய கொடகும்புர குப்பி விளக்கால் எரிகாயம் படுகிறவர்களுக்காகச் செய்த, சரியாத, மூடி கழராத விளக்கும் ஞாபகம் வருகிறது. 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றது. அதைத் தனியாகப் பேசவேண்டும், இன்றைக்கு முடியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். மின்னணு மீற்றர்களைப் பற்றி ஆறுதலாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கிவிடுகிறேன். இப்போது கைக்குள் அடங்குகிற, நான்கு வாயு பார்க்கிற மீற்றர்கள் வருகின்றன: ஒட்சிசன், எரியும் வாயு, காபனோரொட்சைட்டு, ஐதரசன் சல்பைட்டு. ஐதரசன் சல்பைட்டு கூழ்முட்டை நாற்றம் என்பார்கள், ஆனால் அளவு கூடினால் மூக்கின் மணக்கும் சக்தியையே கொன்றுவிடும், நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்கவேண்டாம். மீற்றரைக் கயிற்றில் கட்டி ஆளுக்கு முன் அதை இறக்குங்கள், மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் நிறுத்திப் பாருங்கள். கிணறு இறைக்கிறவர்கள் ஊருக்கு ஒன்றாவது சேர்ந்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னால் இறங்காமல், தீயணைப்புப் பிரிவுக்கு 110, அம்புலன்சுக்கு 1990. நன்றி, வணக்கம்.