மஹாட் பாலம்: வெள்ளம் எங்கே கை வைத்தது?

[திரையில்: வரைபடம், பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரு சிவப்புக் கோடு]

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் இருந்து பார்க்கிற நம்ம ஆட்களுக்கு முதலில் ஒரு விஷயம். கோவா ரோடு, கோவா ரோடு என்று நாம் சொல்கிற 66-ம் எண் தேசிய நெடுஞ்சாலை கோவாவோடு நிற்பதில்லை. பன்வேலில் கிளம்பி, கொங்கண், மங்களூர், கேரளம் எல்லாம் கடந்து கன்னியாகுமரியில்தான் போய் முடிகிறது. அந்தச் சாலையில், மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊரை ஒட்டி, சாவித்திரி ஆற்றின் மேல் இருந்து, 2016 வெள்ளத்தில் இடிந்துபோன ஒரு பழைய பாலத்தைப் பற்றித்தான் இந்த வீடியோ.

1927-ல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தாரே, அதே மஹாட். அதற்கு அடுத்த வருடம், 1928-ல், வெள்ளைக்காரன் ஆட்சியில் கட்டி முடித்த கல் வளைவுப் பாலம் இது. மாட்டுவண்டிக் காலத்துப் பாலத்தில் லாரியும் பஸ்ஸும் ஓட ஆரம்பித்தன. 2001-ல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்தது. சரி, பழையதுக்கு ஓய்வு கொடுத்தார்களா என்றால், இல்லை. மும்பை நோக்கி வருகிற வண்டிகளுக்கு அதையே ஒதுக்கிவிட்டார்கள்.

[திரையில்: 2 ஆகஸ்ட் 2016, இரவு]

சாவித்திரி பிறக்கும் மகாபலேஷ்வர் மலையில் பேய் மழை, கீழே ஆறு கரைபுரள்கிறது. ஜெய்கட்டிலிருந்து மும்பைக்கு ஒரு அரசு பஸ், ராஜாபூரிலிருந்து போரிவலிக்கு இன்னொன்று, கூடவே வேறு வண்டிகளும் வருகின்றன. பழைய பாலமோ இடிந்து ஆற்றோடு போய்விட்டது. அந்த இருட்டில், மழையில், ஹெட்லைட் காட்டுகிற தூரம்தான் டிரைவருக்குச் சாலை. அதற்கு அப்பால் பாலம் இல்லை என்பது எப்படித் தெரியும்? ஆற்றில் விழுந்த பஸ்களைத் தேட 300 கிலோ காந்தத்தைக் கிரேனில் கட்டி ஆற்றில் இறக்கினார்கள், கடற்படை முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள், அப்படியும் கண்டுபிடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

இதில் என்னை உறுத்துகிற விஷயம், அந்த மே மாதம்தான் பாலத்தைச் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். மூன்றே மாதத்தில் இப்படி எப்படி ஆகும்?

[திரையில்: தூணின் அடிப்பகுதி, நீரோட்டத்தைக் காட்டும் அம்புக்குறிகள்]

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். வெள்ளம் பாலத்தை மேலே இடித்துத் தள்ளுகிறது என்று நினைக்கிறோம், ஆனால் ஆற்றுப் பாலங்களுக்குப் பெரும்பாலும் ஆபத்து காலடியில்தான். தூணில் மோதுகிற தண்ணீர் கீழ்நோக்கிப் பாய்ந்து, சுழன்று, அடியில் இருக்கிற மணலைத் தோண்டி எடுத்துக்கொண்டு போகும். அலை வந்து போகும்போது கடற்கரையில் நிற்கிற நம் குதிகாலுக்கு அடியில் மணல் நழுவுமே, அதுதான். கோளாறு என்னவென்றால், வெள்ளம் வடியும்போது அந்தப் பள்ளத்தில் புது மணல் வந்து மூடிவிடும். கோடையில் போய்ப் பார்த்தால் எல்லாம் சமதளமாக, ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். மேலே நின்று தார், கைப்பிடிச் சுவர், கல் இடுக்கில் முளைத்த செடி இதையெல்லாம் குறித்துக்கொண்டு வருவது பாதிச் சோதனைகூட இல்லை.

வளைவுப் பாலத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு வளைவும் பக்கத்து வளைவைத் தள்ளிக்கொண்டு, அந்தத் தள்ளலில்தான் நிற்கிறது. ஒரு தூண் சாய்ந்தால் ஒரு வளைவோடு போகாது, தாங்க ஆளில்லாமல் அடுத்ததும் விழும். இப்போது கட்டுகிற பாலங்களில் பாறை வரைக்கும், இல்லை மண் அரிப்பு எட்டாத ஆழம் வரைக்கும் அஸ்திவாரத்தை இறக்குவது, அடி மணல் போனாலும் தூண் சாயாமல் இருக்கத்தான்.

அப்புறம்? அந்த அக்டோபரிலேயே நாட்டின் நெடுஞ்சாலைப் பாலங்களையெல்லாம் கணக்கெடுக்கும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. மஹாட்டில் இடிந்த பாலத்துக்குப் பதிலாக இன்னொரு புதுப் பாலத்தை 165 நாளில் கட்டி, 2017 ஜூன் 5 அன்று திறந்தார்கள். அடுத்த மழைக்காலம் தொடங்கும் முன்பே முடித்தது நிஜமாகவே பெரிய வேலை, பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் இதே சாலையை நாலு வழியாக்கும் வேலை 2011-ல் ஆரம்பித்தது. அது எத்தனை கெடு தாண்டியது என்று கணபதி விடுமுறைக்குக் கொங்கண் போகிற பக்கத்து வீட்டு மராத்திக்காரரைக் கேளுங்கள், அரை மணி நேரம் திட்டுவார்.