ஆமென் சொன்ன பிறகு

அன்பான நேயர்களுக்கு வணக்கம். ஜெபமும் முயற்சியும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் போதகர் இல்லை, ஓய்வு பெற்ற நர்ஸ். மிஷன் ஆஸ்பத்திரியில், அதிலும் பெரும்பகுதி ஆபரேஷன் தியேட்டரில், காலம் தள்ளியவள். அதனால் என் பேச்சில் வசனத்தோடு கொஞ்சம் டெட்டால் வாசனையும் அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிஷன் ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷனுக்கு முன் ஜெபம் பண்ணுகிற வழக்கம் உண்டு. நோயாளி மேசையில் படுத்திருப்பார். மயக்கம் கொடுப்பதற்கு முன் டாக்டரோ சிஸ்டரோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் ஜெபிப்பார்கள். எந்த மதத்தவரானாலும் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொள்வார்கள். சரி, ஆமென் சொல்லியாயிற்று. அடுத்தது என்ன? எண்ணிக்கை. ரத்தம் ஒற்றுகிற காஸ் துணித் துண்டு எத்தனை, வயிற்றுக்குள் வைக்கிற மாப் என்ற பெரிய துணி எத்தனை, ஊசி எத்தனை, கத்தரி எத்தனை. ஒரு சிஸ்டர் வாய்விட்டு எண்ணுவார், இன்னொருவர் போர்டில் எழுதுவார். வயிற்றை மூடும் முன் மறுபடி எண்ணுவோம். தோலைத் தைக்கும் முன் இன்னொரு தரம். ஒரு காஸ் குறைந்தால் போதும், எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும் கையை நிறுத்தவேண்டியதுதான். பக்கெட்டைக் கவிழ்த்துத் தேடுவோம், மேசைக்கு அடியில் தேடுவோம். அப்படியும் கிடைக்கவில்லையென்றால் எக்ஸ்ரே. அந்தத் துணியில் எக்ஸ்ரேயில் தெரிகிற மாதிரி ஒரு இழை ஓடும், அதற்காகவே வைத்து நெய்திருப்பார்கள்.

ஜெபம் பண்ணித்தானே ஆரம்பித்தோம், எண்ணாவிட்டால் என்ன என்று எந்தச் சிஸ்டரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எண்ணத்தான் போகிறோமே, ஜெபம் எதற்கு என்றும் யாரும் கேட்டதில்லை. தியேட்டருக்குள் இவ்வளவு சுலபமாக விளங்குகிற விஷயம், வீட்டுக்கு வந்ததும் நமக்கு ஏன் குழம்பிப்போகிறது?

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி ஒன்று வேதத்தில் இருக்கிறது. இரண்டாம் ராஜாக்கள் புத்தகம், இருபதாம் அதிகாரம். எசேக்கியா ராஜா சாகக் கிடக்கிறார். ஏசாயா தீர்க்கதரிசி வந்து, வீட்டுக் காரியத்தை ஒழுங்கு பண்ணும், நீர் பிழைக்கமாட்டீர் என்று சொல்லிவிட்டுப் போகிறார். ராஜா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபிக்கிறார். ஏசாயா பாதி முற்றத்தைக்கூடத் தாண்டவில்லை, பதில் வந்துவிட்டது: உன் கண்ணீரைக் கண்டேன், இன்னும் 15 வருஷம் தருகிறேன். இதோடு முடிந்திருந்தால் நம் சாட்சிக் கூட்டங்களுக்கு ஏற்ற கதை. ஆனால் திரும்பி வந்த ஏசாயா அடுத்து என்ன சொன்னார்? அத்திப்பழத்து அடை, அதாவது நசுக்கித் தட்டிய அத்திப்பழம், கொண்டுவாருங்கள் என்றார். கொண்டுவந்தார்கள், ராஜாவின் உடம்பில் இருந்த பிளவைக் கட்டியின் மேல் வைத்துக் கட்டினார்கள், ராஜா பிழைத்தார்.

15 வருஷம் உறுதியாகக் கிடைத்தாயிற்று, அப்புறம் எதற்குக் கட்டு? ஒரு நர்ஸாக நான் இந்த வசனத்தில் நின்றுவிடுவேன். நகரவே மாட்டேன். வாக்குக் கொடுத்தவர்தான் அடையையும் வைக்கச் சொல்கிறார். அந்த அத்திப்பழத்தை யாரோ ஒரு வேலைக்காரன் ஓடிப்போய் எடுத்து வந்திருப்பான், யாரோ நசுக்கியிருப்பார்கள், அவர்கள் பேரெல்லாம் எழுதப்படவில்லை. எங்கள் ஜாதி அது, நர்ஸ் ஜாதி!

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், சர்க்கரை நோயாளிகளுக்காகத்தான். உபவாசக் கூட்டத்தில் ஜெபித்தார்கள், சுகம் கிடைத்துவிட்டது, மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு காலில் ஆறாத புண்ணோடு வந்த ஒரு தாயார் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறார். நல்ல விசுவாசி. "அம்மா, ஜெபம் பண்ணினது சரி. மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டேன். "விசுவாசக் குறைவு ஆயிடுமே சிஸ்டர்" என்றார். எசேக்கியா கதையை அவருக்கும் சொன்னேன், காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே. கேட்டுக்கொண்டிருக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: இன்சுலின் போட்டுக்கொண்டு முழு உபவாசம் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். உபவாசத்துக்கு முன் டாக்டரைக் கேளுங்கள். ஆண்டவர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்து, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய நம் ஐடா ஸ்கடர் அம்மா. அந்த ராத்திரிக் கதை உங்களுக்குத் தெரியும்: 1890 வாக்கில், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கிற தங்கள் மனைவியைப் பார்க்க வரவேண்டும் என்று கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை, என் அப்பாதான் டாக்டர், அவர் வருவார் என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்து ஜெபித்தார்.

பிரசங்கங்களில் கதை இங்கேயே நின்றுவிடும். எனக்கு அதற்கு அப்புறம்தான் கதை. அறையை விட்டு வெளியே வந்து, நான் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று அப்பா அம்மாவிடம் சொல்கிறார். பிறகு அமெரிக்காவில் வருஷக்கணக்கில் படிப்பு. 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம். ஆஸ்பத்திரி கட்டப் பணம் கேட்டு வீடு வீடாக அலைச்சல். ஒரு வங்கிக்காரர் இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தார்கள். ஒரு டாக்டர் எத்தனை பிரசவம் பார்க்க முடியும்? 1909இல் நர்ஸ்களுக்குப் பள்ளி, 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி. நடுவில் குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக வண்டியை நிறுத்தி வைத்தியம். அந்த ராத்திரிக்கும் மருத்துவப் பள்ளிக்கும் நடுவே கால் நூற்றாண்டுக்கு மேல். இத்தனைக்கும் சேர்த்துத்தான் நான் ஜெபத்துக்குப் பதில் என்று சொல்வேன். சி.எம்.சி.யில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது இதை யோசித்துப் பாருங்கள், காத்திருக்கிற நேரமும் போகும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார். நெகேமியாவைப் பற்றித்தான் நிறையக் குறித்து வைத்திருந்தேன், அத்திப்பழம் நேரத்தைச் சாப்பிட்டுவிட்டது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பாரசீக ராஜாவிடம் வேலை பார்த்தவர் அவர்; எருசலேமின் அலங்கம், அதாவது நகரத்து மதில், இடிந்து கிடக்கிறது என்று கேட்டு மாதக்கணக்கில் ஜெபித்தவர். ராஜா ஒருநாள் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, மனசுக்குள் ஜெபித்துவிட்டு உடனே சொல்கிறார்: இத்தனை காலம் லீவு வேண்டும், வழியில் இருக்கிற அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், வாசல்களுக்கு மரம் தரச் சொல்லி வனக்காவலன் ஆசாப்புக்கு ஒரு கடிதம் வேண்டும். மரம் யாரிடம் இருக்கிறது என்பதுவரை தெரிந்து வைத்திருக்கிறார் பாருங்கள்! இரண்டாம் அதிகாரம். இன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் வாசித்துவிடுங்கள். வணக்கம்.