பதருக்கு மகரந்தம் மட்டும் காரணமில்லை

அவையோருக்கு வணக்கம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரத்துக்கென்றே விதைத் தோட்டங்கள் உண்டு. அங்கே கூம்பு நிறையக் காய்த்தும் விதை பதராகிவிட்டால், மகரந்தம் சேரவில்லை என்று சொல்லிவிடத் தோன்றும். தயவுசெய்து, அதற்கு முன் கூம்பை நெடுக்காகப் பிளந்து பாருங்கள்.

விதை செதிலோடு ஒட்டிக்கிடந்தால் கூம்பு ஈயைச் சந்தேகிக்கலாம். இது நம் நெல்லின் ஆனைக்கொம்பன் ஈயின் குடும்பம். இளங்கூம்பு மகரந்தம் ஏற்கச் செதில் விரித்து நிற்கும் சில நாட்களில் இடுக்கில் முட்டையிடும். புழு, விதையாக மாறும் சூலை ஒட்டிக் கழலை உண்டாக்கும். பிறகு கூம்பை எவ்வளவு உலர்த்தி உலுக்கினாலும் அந்த விதை உதிராது.

பருப்பு சூம்பிச் சக்கையாக இருந்தால் அது நாவாய்ப்பூச்சியின் வேலையாக இருக்கலாம். கதிர் நாவாய்ப்பூச்சி நெற்பாலை உறிஞ்சுவது போலவே, ஊசி வாயைச் செதில் வழியே இறக்கி, எச்சிலால் பருப்பைக் கரைத்துக் குடிக்கும். விதையின் வெளியே அடையாளமே இருக்காது. கூம்பு ஊசியிலையைவிடச் சூடானது. அதன் அகச்சிவப்புக் கதிரை உணர்ந்து இது தேடி வருகிறது என்று 2009-ல் கண்டறிந்தார்கள். 1999-ல் இத்தாலியில் தென்பட்ட இதே பூச்சி, பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவிவிட்டது.

விதைக்குளவிதான் என்னை மிகவும் வியக்கவைப்பது. விதைக்கு ஒரு புழு. ஓட்டுக்குள் பருப்பின் இடத்தைக் காலில்லாத வெள்ளைப் புழு நிரப்பியிருக்கும். உடைக்காமல் பார்க்க எக்ஸ்ரே வேண்டும். கருவுறாத சூல் சுருங்கிப் போவதே வழக்கம். குளவி முட்டை வைத்த சூலையோ மரம் ஊட்டி வளர்க்கிறது! ஆகவே குளவி விழுந்த விதை அத்தனையையும் நட்டம் என்று எழுதக் கூடாது. அவற்றில் சில எப்படியும் பதராகியிருக்கும்.

ஈயைத் தடுக்க, வசந்தத்தின் வெயில் நாட்களில் மரத்தின் மேல் தண்ணீர் தெளித்து மொட்டைக் குளிர வையுங்கள். கூம்பு பிந்தி விரியும். ஈ தன் காலத்தில் சருகிலிருந்து கிளம்பி, முட்டையிட இடமின்றித் தவிக்கும். மருந்து அடிப்பதென்றால், செதில் மூடிக் கூம்பு கீழ்நோக்கித் திரும்பிய உடனே ஊடுருவும் மருந்தை அடிக்க வேண்டும். பிந்தினால் கழலை உருவாகிவிடும்.

இலையுதிர்கால மழையில் நனைந்ததும் புழு கூம்பைவிட்டு மண்ணில் இறங்கும். எனவே அதற்கு முன்பே, பயன்படாத கூம்பையும் விடாமல் பறித்து அப்புறப்படுத்துங்கள்.